இல்லம் சிதைப்பதும் இம்சையா?

உயிரைக் கொல்லாது அதன் உறைவிடத்தை மட்டும் அழித்தால் அஃது இம்சையாகுமா? கொல்லா நெறி பூண்ட இல்லறத்தார் நாம் ஆராய்ந்து பார்க்க வேண்டிய வினா இது. புற்றை இடிக்கிறோம், கூட்டைக் கலைக்கிறோம், 'வேறிடம் சென்று கட்டிக்கொள்ளும்' என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். தூக்கணாங்குருவியைப் பொறுத்தவரை இதில் சிறிது உண்மையும் உண்டு. ஆண் குருவி பாதிக் கூடு பின்னியதும் பெண் குருவி வந்து பார்வையிடும். அதற்குப் பிடிக்காவிடில் ஆண் வேறொன்று பின்னத் தொடங்கும்.

நண்டின் நிலை வேறு. மணலிக்கு வடகிழக்கே எண்ணூர்க் கழிமுகச் சேற்றில், ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெருத்திருக்கும் சிறு நண்டுகள் வளை தோண்டி வாழ்கின்றன. வெயிலுக்கு நிழலும் பறவைகளுக்கு அஞ்சி ஒளியும் அரணும் அவ்வளையே. ஓதம் ஏறுமுன் சேற்றுருண்டையால் வாயிலை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும்; நீர் வடிந்ததும் திறந்து வெளிவரும். நாளுக்கு இருமுறை கடல் ஏறும் காலத்தை அச்சிற்றுயிர் அறிந்திருக்கிறது! அது தோண்டும் துளைகளின் வழியே மண்ணுள் காற்றுப் புகுவதால் அலையாத்தி மரங்களும் பயன்பெறுகின்றன. தொல்காப்பியர் நண்டினை நான்கறிவுயிர்களுள் வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே இக்கழிமுகத்தை அடைந்தது. மீனவர் படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடாக்களின் இறகில் எண்ணெய் அப்பியது. அக்காட்சியை நாளிதழ்களில் பலரும் கண்டு வருந்தினர். அலையாத்தி வேர்களிலும் சேற்றிலும் படிந்ததை எண்ணியவர் சிலரே. கடலிலிருந்து வரும் ஓதத்திற்குக் கதவடைக்கத் தெரிந்த உயிருக்கு, நிலத்திலிருந்து வந்த இதனைத் தடுக்க எக்கதவு உண்டு? நீர் வடிந்தாலும் எண்ணெய் வடிவதில்லை. வேறிடம் போகலாமெனில் சுற்றிலும் அதே சேறு.

தொழில் வழியே நேரும் இம்சையை இல்லறத்தார் முற்றும் தவிர்க்க இயலாது என்பதை நம் ஆசாரியர்கள் அறிந்தே விரதங்களை வகுத்தனர். ஆனால் அச்சலுகை விழிப்போடு செய்யும் தொழிலுக்கே உரியது. பிரமாதத்தால், அஃதாவது அசட்டையால், பிராணனுக்கு விளையும் கேட்டையே இம்சை என்கிறது தத்துவார்த்த சூத்திரம். வளையைக் கெடுத்துவிட்டு நண்டைத் தொடவில்லை என்பது வாதத்திற்கும் நில்லாது.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினை மூவகை. மணலியில் சுத்திகரிக்கும் எண்ணெயில் நம் வண்டிகளும் ஓடுகின்றன. ஆகவே ஆலையை மட்டும் பழித்து நாம் ஒதுங்கிவிட முடியாது. நீரை வடிகட்டிப் பருகுகிறோம். ஆலைகளில் பணிபுரியும் நம் பிள்ளைகள், அங்குள்ள கழிவு மழைக்காலத்தில் எவ்வழி செல்கிறது என்று ஒருமுறை கேட்டறிந்து வந்து வீட்டில் சொல்லலாம்.