தலைமடையும் கடைமடையும்

கெலவரப்பள்ளி அணையின் மதகுகள் திறக்கப்படும் மழை நாட்களில், தென்பெண்ணையாற்றின் மேல் வெண்ணுரை குவியல் குவியலாக மிதந்து செல்வதை அண்மை ஆண்டுகளில் பலமுறை கண்டிருக்கிறோம். தொலைவில் நின்று காண்போருக்கு அது பஞ்சுப் பொதி. அருகில் செல்வோருக்கு நாற்றம். ஓசூர் மக்கள் உடனே எல்லைக்கு அப்பால் கை நீட்டுகின்றனர்.

அதில் உண்மை இல்லாமலில்லை. நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் இந்த ஆறு, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே வடியும் பெங்களூரின் கழிவுநீரையும் ஏற்றுக்கொண்டுதான் தமிழகத்தில் நுழைகிறது. சோப்புத்தூளின் எச்சமும் சாக்கடையின் அழுக்கும் கலந்த நீர், மதகிலிருந்து விழுந்து கலங்கும்போது நுரைக்காமல் என்ன செய்யும்? பெல்லந்தூர் ஏரி 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பற்றியே எரிந்தது. நெருப்பை அணைக்க வேண்டிய நீர்நிலையே நெருப்புக்கு இருப்பிடமாயிற்று.

ஆயினும் நாம் இங்கே எழுப்பும் கேள்வி வேறு. நீர் கெட்டுவிட்டது என்று அறிந்தவனின் கடமை யாது?

ஒளுச் செய்யும் நீரின் தூய்மையை நம் முன்னோர் நிறம், மணம், சுவை என்னும் மூன்றால் அறிந்தனர். ஐம்புலன்களே அன்று சோதனைச் சாலை. இன்றோ, தெளிந்து தோன்றும் நீரும் கெட்டிருக்கக் கூடும். குளிப்பதற்குரிய நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் பிராணவாயு கரைந்திருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த அளவு. சாக்கடை கலந்தால், அதைத் தின்று பெருகும் நுண்ணுயிர்கள் அந்த வாயுவைச் செலவழித்துவிடுகின்றன. மீன்கள் மூச்சுத் திணறி மடிகின்றன. கண்ணுக்குப் புலப்படாத இந்தக் கேட்டை அளந்து சொல்பவன், நீருக்காகப் பேசும் சாட்சி ஆகிறான்.

சாட்சிக்கு நேர்மை வேண்டும். பாசி படர்ந்த ஏரியில், பகல் வெயிலில் பாசி பிராணவாயுவை வெளியிடும். இரவில் அதுவே அதை உட்கொள்ளும். நண்பகலில் ஒரு குப்பி நீரெடுத்தவன் ‘நலம்’ என்று எழுதுவான். அதே இடத்தில் விடியலுக்கு முன் எடுத்தவன் வேறொன்றை எழுதுவான். இருவர் எழுதியதும் மெய்யே. ஆனால் தனக்கு இசைவான வேளையை மட்டும் தேர்ந்து அளப்பவன், சாட்சியத்தில் பாதியை மறைத்தவனாகிறான். சாட்சியத்தை மறைப்பது பாவம் என்பதை நாம் இளமையிலேயே ஓதியிருக்கிறோம்.

வேளைக்குச் சொன்னது இடத்துக்கும் பொருந்தும். மாநில எல்லையில் மட்டும் நீரெடுத்து அண்டை மாநிலத்தைக் குற்றம் சாட்டுவது எளிது. எழுபதுகள் தொட்டுத் தொழிற்பேட்டையால் வளர்ந்த ஓசூர், தன் ஊருக்குக் கீழேயும் நீரெடுத்துப் பார்க்க வேண்டாமா? பெங்களூருக்கு நாம் கடைமடை. கிருஷ்ணகிரி அணைக்கும், சாத்தனூருக்கும், கடலூருக்கும் நாமே தலைமடை. கடைமடையில் நின்று நீதி கேட்பவன், தலைமடையில் நிற்கும்போது அதே நீதியை வழங்கக் கடமைப்பட்டவன்.

‘ஆலைகளல்லவா சோறு போடுகின்றன?’ என்பார் உளர். உண்மைதான். ஆனால் அதே ஆற்றை நம்பி உழுபவனுக்கும் சோறு வேண்டும். ஒருவனுடைய பிழைப்பு இன்னொருவனுடைய கிணற்றைக் கெடுக்கும் உரிமையாகி விடாது.

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இல் வந்தது. தமிழ்நாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. சட்டமும் கருவியும் உள்ளன. எனினும் ஏரிக்கரையில் மனை வாங்கும் நம்மில் எத்தனை பேர், ‘இவ்வீட்டுக் கழிவுநீர் எங்கே போகும்?’ என்று கேட்டிருக்கிறோம்? பத்திரத்தைப் பார்க்கிறோம், சாலையைப் பார்க்கிறோம், கிழக்கு வாசலா என்றும் பார்க்கிறோம். சாக்கடை ஏரியில் விழுகிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை.

அக்கேள்வியைக் கேட்பதே நம் முதற் சோதனை. அதற்குக் குப்பியும் வேண்டாம், கருவியும் வேண்டாம். நமக்கும் கீழே ஒருவன் அதே நீரில் கை நனைக்கக் காத்திருக்கிறான் என்ற நினைவு ஒன்றே போதும்.