மூடியைத் திறந்த பிறகு

உங்கள் வீட்டு மேஜைக்கு அடியில் பழைய கம்ப்யூட்டர் ஏதாவது இருக்கிறதா? இருந்தால், தயவுசெய்து அதன் பக்கவாட்டு மூடியைத் திறக்காதீர்கள். திறந்து மாட்டிக்கொண்டவன் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது 2015-ல். பையனுக்கு அப்போது எட்டு வயசு. 'படிப்புக்கு' என்று சொல்லித்தான் வாங்கினேன். கார் ரேஸ் விளையாடத்தான் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவன் அம்மாவுக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். நாலாம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசஸர், எட்டு ஜி.பி. ராம், அந்தக் காலத்துக்கு மரியாதையான ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. மொத்தம் நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்.

பத்து வருஷம் உழைத்தது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், இவ்வளவு பழைய ப்ராசஸரை அது சேர்த்துக்கொள்வதில்லை.

"மெஷின் நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா ரிட்டயர் பண்ணிட்டாங்க" என்றான் பையன். இப்போது அவன் இன்ஜினீயரிங் முதல் வருஷம்.

நான் பி.காம். எதையும் முதலில் பேரேட்டில் எழுதிப் பார்க்கிற ஜாதி. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு இன்றைய விகிதப்படி வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம். நாற்பத்தைந்தாயிரத்தைப் பத்து வருஷத்துக்குக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது 272 ரூபாய். இந்த முறையில் ஒரு வேடிக்கை உண்டு. எத்தனை வருஷம் கழித்தாலும் மதிப்பு பூஜ்யத்தைத் தொடவே தொடாது. எங்கள் கணக்கு வாத்தியார் இதைச் சொன்னபோது கடைசி பெஞ்சில் சிரித்தோம். அதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று இப்போதுதான் தோன்றுகிறது.

புதுசாக ஒன்று வாங்கிவிடலாம் என்றேன். பையன் ஒப்புக்கொள்ளவில்லை. "நாமளே அசெம்பிள் பண்ணலாம்பா. வேண்டியதை மட்டும் மாத்தினா போதும்." அந்த 'மட்டும்' என்ற வார்த்தையில்தான் நான் விழுந்தேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. கிண்டியில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தோம். அந்தத் தெருவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரேடியோ, டி.வி., வி.சி.ஆர்., கம்ப்யூட்டர், செல்போன் என்று ஒவ்வொரு தலைமுறையும் தன் உதிரி பாகத்துக்காக மிதிபட்ட தெரு.

ப்ராசஸரை மாற்ற வேண்டும் என்றோம். கடைக்காரர் எங்கள் பழைய மாடலைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். புது ப்ராசஸர் பழைய மதர்போர்டில் உட்காராது. சரி, புது மதர்போர்டு. புது போர்டில் பழைய டி.டி.ஆர்.3 ராம் நுழையாது. சரி, புது ராம். அதுவோ அந்த நேரம் பார்த்து விலை ஏறிக்கொண்டிருந்தது. உலகத்தில் யாரோ ஏ.ஐ.க்காக டேட்டா சென்டர் கட்டுகிறார்கள், கிண்டியில் ஒரு குடும்பத் தலைவனுக்குப் பர்ஸ் இளைக்கிறது. ராம் மாறினால் கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் ஏன் பழசாக இருக்க வேண்டும்? புது கார்டுக்குக் கரண்ட் அதிகம் வேண்டும், ஆகவே புது எஸ்.எம்.பி.எஸ். ஐம்பத்திரண்டாயிரம் ரூபாய். இதில் கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் இருபத்திரண்டாயிரம். கண் இமைக்காமல் கார்டை நீட்டினேன், என் ஏ.டி.எம். கார்டைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூடத்தில் பழைய நியூஸ்பேப்பர் விரித்து வேலை. ப்ராசஸர் மேல் கடுகளவு தெர்மல் பேஸ்ட் வைக்கும்போது பையன் மூச்சை அடக்கிக்கொண்டான். ராத்திரி ஒன்பது மணிக்கு ஸ்கிரீனில் வெளிச்சம் வந்தபோது, பொய் சொல்வானேன், பிரசவ வார்டு வாசலில் நின்றபோது வந்த அதே நடுக்கம்.

பழைய கம்ப்யூட்டரிலிருந்து மிஞ்சியது வெளிக்கூடும், குடும்ப போட்டோக்கள் இருக்கிற ஹார்ட் டிஸ்க்கும்தான். கழற்றிய எதையும் வீணாக்கவில்லை. பையன் ஒரு நண்பனிடம் காலி கேபினட் வாங்கி வந்து, பழைய போர்டு, பழைய ப்ராசஸர், பழைய ராம், பழைய கார்டு எல்லாவற்றையும் அதில் பூட்டினான். 2019-ல் வாங்கிய ஒரு எஸ்.எஸ்.டி. சும்மா கிடந்தது, அதில் லினக்ஸ் போட்டான். அதுவும் ஓடியது!

"அப்பா, இப்ப இதுல எதுப்பா நம்ம பழைய கம்ப்யூட்டர்?"

நியாயமான கேள்வி. இதே கேள்வியைக் கிரேக்கர்கள் ஒரு கப்பலை வைத்துக் கேட்டார்கள். தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பாதுகாத்து வந்ததாக ப்ளூடார்க் எழுதியிருக்கிறார். உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை, அதுவும் உளுத்தால் இன்னொன்று. எல்லாப் பலகையும் மாறிய பிறகும் அது தீசியஸின் கப்பல்தானா? பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர் இதில் ஒரு குறும்பைச் சேர்த்தார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்திருந்து, அதே வரிசையில் பூட்டி இன்னொரு கப்பல் செய்தால், எது அசல்?

ஹாப்ஸின் இரண்டு கப்பல்களும் அன்றைக்கு எங்கள் கூடத்தில் நின்றன. ஒன்றைத் தலையில் வைத்துக் கொண்டாடினோம். இன்னொன்றை என்ன செய்வது?

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகள் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கிறாள். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். சொன்ன மாத்திரத்தில் ஓர் அங்குலம் உயர்ந்துவிட்டதாக உணர்ந்தேன். நீங்களும் அந்த உயரத்தை அனுபவித்திருப்பீர்கள். பழைய புடவை, பழைய சைக்கிள், ஓடாத மிக்ஸி... கொடுத்துவிட்டு வரும்போது மனசு எவ்வளவு லேசாகிறது! வீட்டில் இடமும் காலியாகிறது என்பதை நாம் தனியாகக் கணக்கு வைப்பதில்லை.

மாடியில் குடியிருக்கிற பெரியவர் எட்டிப் பார்த்தார். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். 1958-ல் தொடங்கிய பேட்டை அது. பழைய மெஷினைப் பிரித்துப் பூட்டுவது அவருக்குக் காலை காபி மாதிரி. எங்கள் இரண்டாவது கப்பலைச் சுற்றி வந்தார்.

"கரண்ட் டப்பா புதுசா, பழசா தம்பி?"

அவர் கேட்டது எஸ்.எம்.பி.எஸ்.ஸை. பழசுதான். அது எப்படிப்பட்ட பழசு என்பது எனக்கும் பையனுக்கும் தெரியும். சுவரிலிருந்து வருகிற 230 வோல்ட்டை உள்ளே இருக்கிற பாகங்கள் தாங்குகிற 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. அதற்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் சூட்டில் வருஷக்கணக்காக வெந்து மெல்ல மெல்லச் சக்தி இழக்கும். கடைசி இரண்டு கோடைகளிலும் ஒரு மணி நேரம் விளையாடினால் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். இரண்டு தடவை லேசாகத் தீய்ந்த வாசனை வந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டோம்.

"அந்தப் பொண்ணு கேம் எல்லாம் ஆடாது சார். டைப் பண்ணும், புரோகிராம் எழுதும். லோடு கம்மி" என்றேன்.

பெரியவர் வாதம் செய்யவில்லை. "ராத்திரி இதை ஆன்ல விட்டுட்டு நீங்க உங்க வீட்ல தூங்குவீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மாடி ஏறிவிட்டார்.

புது எஸ்.எம்.பி.எஸ். 2,300 ரூபாய். விளையாட்டுக்கு இருபத்திரண்டாயிரத்தைக் கண் இமைக்காமல் நீட்டிய அதே கை, இந்த இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு இரண்டு நாள் யோசித்தது. யோசித்தபோது மனசு சொன்ன சமாதானங்களைக் கேளுங்கள். 'ஒண்ணுமே இல்லாததுக்கு இது மேல் இல்லையா?' 'ஓசியில் கொடுப்பதற்கு இவ்வளவு பார்ப்பார்களா?' 'பத்து வருஷம் வெடிக்காதது இனிமேலா வெடிக்கப்போகிறது?'

முதல் சமாதானம் உண்மையிலேயே பலமானது. இல்லாதவருக்கு அரைகுறையும் உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் 'இது மேல்' என்று முடிவு செய்ய வேண்டியவர் யார்? அந்த வீட்டில் படுத்துத் தூங்கப்போகிறவர். அவர் முடிவு செய்ய வேண்டுமானால் தீய்ந்த வாசனை விஷயம் அவருக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்லாமல் அவர் சார்பில் நானே முடிவெடுத்தால், கம்ப்யூட்டரோடு சேர்த்து என் பயத்தையும் அவர் தலையில் கட்டுகிறேன் என்றுதானே அர்த்தம்?

இரண்டாவது சமாதானத்துக்கு பி.காமில் படித்த மெர்க்கன்டைல் லாவே பதில் சொன்னது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 150. ஒரு பொருளை இன்னொருவர் பயன்படுத்தக் கொடுக்கும்போது, அதில் நமக்குத் தெரிந்த ஆபத்தான குறையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டு அதனால் நஷ்டம் வந்தால் கொடுத்தவர் பொறுப்பு. வாடகைக்குக் கொடுத்தவர் தனக்குத் தெரியாத குறைக்கும் பொறுப்பு. இது திருப்பித் தரவேண்டிய பொருளுக்கான சட்டம், தானத்துக்கானது இல்லை. இருந்தாலும் கோட்டை எங்கே போட்டிருக்கிறார்கள் பாருங்கள். சும்மா கொடுத்தவனுக்குத் தெரியாத குறையிலிருந்துதான் விடுதலை. தெரிந்ததை மறைத்தால் சும்மா கொடுத்தவனும் தப்ப முடியாது.

இங்கேதான் நானே அசெம்பிள் செய்ததன் வினை புரிந்தது. கடையில் வாங்கிய பெட்டியை மூடியபடியே கொடுத்திருந்தால், 'எனக்கென்ன தெரியும்?' என்று நிம்மதியாக இருந்திருப்பேன். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் என் கையால் கழற்றிய பிறகு அந்த வசதி போய்விட்டது.

அப்படியானால் மூடியைத் திறக்காமலே இருப்பதுதான் புத்திசாலித்தனமா? உலகத்தில் பெரும்பாலோர் அப்படித்தான் இருக்கிறோம் போலிருக்கிறது. 2022-ல் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் குப்பையை உண்டாக்கியது என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம்தான் என்றும் ஐ.நா. அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. மிச்சமெல்லாம் யாரோ ஒருவர் மூடியைத் திறக்காமல் வேறு எங்கோ தள்ளிவிட்டதுதான். அதில் எத்தனை தானம் என்ற பெயரில் போனதோ!

தெரியாமல் இருப்பது ஒன்று. தெரிந்துவிடுமோ என்று பயந்து பார்க்காமல் இருப்பது வேறு. இரண்டாவது ரகம் ஆசாமி மூடியைத் திறக்காமலே உள்ளே இருப்பதை ஊகித்துவிட்டவர். அவருக்கும் விடுதலை கிடையாது, தூக்கம் மட்டும் கொஞ்சம் நன்றாக வரும்.

செவ்வாய்க்கிழமை மறுபடி மெட்ரோ, மறுபடி ரிச்சி தெரு. டப்பாவை வாங்கி வந்தேன். கூடவே ஒரு வெள்ளைத்தாளில் பையனை எழுதச் சொன்னேன்: போர்டுக்கு வயசு பத்து, ராமும் அப்படியே, எஸ்.எஸ்.டி. ஆறு வருஷம், ஆகவே ப்ராஜெக்டை பென் டிரைவிலும் காப்பி வைத்துக்கொள்ளவும். ஜாதகம் மாதிரி இருந்தது.

சாயங்காலம் அந்தப் பெண் அப்பாவோடு வந்தாள். தாளை நிதானமாகப் படித்தாள். புது எஸ்.எம்.பி.எஸ். இன்னும் அட்டைப் பெட்டியில் இருந்தது.

"நானே மாட்டட்டுமா அங்கிள்?"

பையன் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தான். முதல் இரண்டு ஸ்க்ரூ கை நழுவிக் கீழே விழுந்தது. இருபத்துநாலு பின் கனெக்டரைத் திருப்பிப் பிடித்து, பிறகு சரியாகப் பொருத்தினாள். கழற்றிய பழைய டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை என்ன பண்ணுவீங்க?" என்றாள். நல்ல மாணவி. நான் அதுவரை யோசிக்காத கேள்வி. இ-வேஸ்ட் எடுக்கிறவர்களிடம் சேர்க்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மறுநாளே சேர்த்தும்விட்டேன், அவள் தினமும் எங்கள் வாசல் வழியாகத்தானே போகிறாள்!

அவள் மூடியைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, "பாத்துக்கோம்மா, பழசு" என்றார் அவள் அப்பா.

"தெரியும்ப்பா. உள்ள என்ன இருக்குனு பாத்துட்டேன்" என்றாள்.

எது தீசியஸின் கப்பல் என்று என் பையன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான். இரண்டில் எது நம்முடையது என்பதற்கு மட்டும் எனக்கு விடை கிடைத்துவிட்டது. அந்தக் கப்பல் செவ்வாய்க்கிழமை ராத்திரி ஏழரை மணியோடு கைமாறிவிட்டது. இஸ்திரி வண்டியில், மடித்த துணிகளுக்கு நடுவே, ஆடாமல் அசையாமல் அது போனதை வாசலில் நின்று பார்த்தேன்.

அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டியிருக்கவில்லை.