கூத்து யாருக்காக?

2023 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸின் மார்க் டேப்பர் ஃபோரம் நாடக அரங்கு தன் நாடகங்களை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. பெருந்தொற்றுக்குப் பின் பழைய கூட்டம் திரும்பவில்லை. செலவோ ஏறிக்கொண்டே போனது. அமெரிக்காவின் பல வட்டார அரங்குகளுக்கு இதே கதிதான். நாடகம் பிழைக்குமா என்பதை அங்கே நாற்காலிகளை எண்ணிச் சொல்லிவிடுகிறார்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தின் செய்யாறு, வந்தவாசிப் பக்கத்துக் கிராமங்களில் அந்தக் கணக்கு எடுபடாது. பங்குனி தொடங்கி ஆடிவரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார். இரவில் கூத்துக் குழுவான ஜமா களமிறங்கும். நள்ளிரவு தாண்டினால் பாதி ஊர் பாயில் உறங்கிவிடும். ஆட்டம் குறையாது. செலவுக்கு ஊர் வரி உண்டு, டிக்கெட் கிடையாது. அம்மன் பார்க்கிறாள் என்பதே பேச்சு.

அப்படியானால் இது நாடகமா, பூசையா?

அர்ச்சுனன் தபசன்று வேடக்காரர் பாடியபடி தபசு மரம் ஏறுகிறார். அவர் மேலிருந்து வீசும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்துகிறார்கள். துகிலுரிதலில் சேலையைத் தொடுமுன் துச்சாதன வேடக்காரர் அம்மனிடம் மன்னிப்பு வேண்டுவதுண்டு. படுகளத்தில் மண் துரியோதனன் வீழ்ந்த பிறகே திரௌபதியின் கூந்தல் முடியப்படும், அடுத்து தீமிதி. சாவு வீட்டுக் காரியத்துக்குக் கர்ண மோட்சம் வைக்கிறார்கள், இறந்தவருக்கு நற்கதி கிட்டும் என்று. கதை எல்லோருக்கும் தெரியும். அதை ஆடினால் மழை பெய்யும், பிள்ளை பிறக்கும், ஆவி கரையேறும் என்பதுதான் அவர்களை உட்காரவைக்கிறது.

நேர்த்திக்கடன் இல்லாத இடத்தில் கூத்து என்னவாகும்? செய்யாறு அருகே புரிசையில் தம்பிரான் குடும்பம் அதை ஆடியே பார்த்தது. 1977இல் கூத்துப்பட்டறை நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமிக்குத் தூண்டுதல் நடேசத் தம்பிரானின் கூத்து. கண்ணப்பத் தம்பிரான் நகரத்து நடிகர்களுக்கு அடவு கற்றுக்கொடுத்தார். புரிசை ஜமா கார்சியா மார்க்வெஸின் சிறகு முளைத்த கிழவர் கதையைக்கூட ஆடியிருக்கிறது. அந்த ஆட்டங்களில் யாரும் மடியேந்தவில்லை; ஆனாலும் முகவீணையும் மத்தளமும் சோடைபோகவில்லை. கலை மட்டும் பெயர்ந்து போனது, வேண்டுதல் ஊரிலேயே தங்கிவிட்டது.

சந்தையிலிருந்து கூத்தைக் காக்கும் அந்த ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. மார்க் டேப்பர் அறிவிப்பு வந்த அதே 2023 ஜூனில், விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். தலித் மக்கள் உள்ளே வருவதற்கு எழுந்த எதிர்ப்பே காரணம். கூட்டமில்லாமல் மூடப்பட்டது அந்த அரங்கு. வந்த கூட்டத்தில் யார் ஊர், யார் ஊரல்ல என்ற சண்டையில் மூடப்பட்டது இந்தக் கோயில். அம்மனே பார்வையாளர் என்றால், அவள் பக்கத்தில் யார் உட்காரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு?

களத்தில் யார் நிற்கலாம் என்பதும் இதே கேள்விதான். பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே டி புரூயினும் 2002இல் காஞ்சிபுரம் அருகே தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டினார்கள். ஆண்களே சேலையுடுத்தித் திரௌபதியாக நின்ற களம் இது. நகர அரங்குகள் இந்தப் பெண்களை வரவேற்கின்றன. தபசு மரம் ஏறவும் எலுமிச்சம்பழம் வீசவும் எந்த ஊர் அவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைக்கும் என்பது இன்னும் ஊர்க்கூட்டங்களின் கையில்தான் இருக்கிறது.