வீட்டுக்குள் வழங்கும் பெயர்

சென்ற தை மாதம் ஒரு நண்பரின் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காகப் புதுச்சேரி போயிருந்தேன். பஸ் நிலையத்தில் இறங்கி, "பிள்ளையார்குப்பம்" என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்துகொண்டேன். அவர் என்னை இறக்கிவிட்ட ஊர் பிள்ளையார்குப்பம்தான். ஆனால் நண்பருடைய பிள்ளையார்குப்பம் அல்ல. வில்லியனூர்க் கொம்யூனில் ஒன்று, பாகூர்க் கொம்யூனில் ஒன்று. கொம்யூனைச் சொல்லாதது என் பிழை.

நான் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்துவிட்டது. நண்பரின் மகன் கணினி வலையமைப்பு வேலை பார்க்கிறவன். என் கதையைக் கேட்டுவிட்டு, "எங்கள் தொழிலிலும் இதே வம்புதான், மாமா" என்றான்.

இணையத்தில் சேரும் கருவிகளுக்கு முகவரியாக எண்கள் உண்டாம். பழைய முறையில் மொத்தம் சுமார் 430 கோடி. ஒரே எண் இருவருக்குப் போகாதபடி அவற்றைப் பதிவேட்டில் எழுதி வழங்குகிறார்கள். ஆனால் 1996 பிப்ரவரியில் வந்த ஒரு விதி, சுமார் 1 கோடியே 79 லட்சம் எண்களைத் தனியே ஒதுக்கி வைத்தது. இவற்றை யாரும் தம் வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் வைத்துக்கொள்ளலாம், பதிய வேண்டாம், வெளியே மட்டும் செல்லாது. நம் வீட்டில் குழந்தையைக் 'குஞ்சு' என்று கூப்பிடுகிறோம். அடுத்த வீட்டிலும் ஒரு குஞ்சு இருந்தால் என்ன மோசம்?

அப்படியானால், உள்ளே மட்டும் வழங்கும் ஒன்றை ஊரறியப் பதிந்து வைத்துக்கொள்வது நியாயமா?

பிரிட்டன் அரசின் வேலை, ஓய்வூதியத் துறையிடம் 51 என்று தொடங்கும் 1,67,77,216 எண்களும் இருந்தன. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3-ஆம் தேதியோடு தீர்ந்துபோயிற்று. மறு வருஷம் சிலர் அந்தத் துறையைக் கேட்டார்கள். உள் வலையமைப்பில் பயன்படுகின்றன, மாற்றினால் செலவாகும் என்று பதில் வந்தது. பொய்யில்லை. ஆனால் ஊர்க் கிணற்றைச் சுவர் எழுப்பி வீட்டோடு சேர்த்துக்கொண்டவனும், "நாங்களும் இந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறோம்" என்று சொல்லக்கூடும். 2015-இல் அந்தத் துறை அவற்றில் ஒரு பகுதியை விற்கத் தொடங்கியது. இல்லாதவர்கள் விலை கொடுத்து வாங்கினார்கள்.

ஆகவே பதிவே வேண்டாம் என்று முடித்துவிடலாமா? அதற்கும் பையன் இடம் கொடுக்கவில்லை. இரண்டு கம்பெனிகள் ஒன்றாகும் நாளில், இங்கும் அதே எண், அங்கும் அதே எண். கூட்டுக் குடும்பமான வீட்டில் 'குஞ்சு' என்று கூப்பிட்டால் இருவர் ஓடிவருகிறார்கள். ஒன்றை மாற்ற அவன் பல இரவுகள் கண்விழித்தானாம்.

புதிய முறை எண்களுக்கு 2005-இல் ஒரு வழி சொன்னார்கள். 40 தடவை காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதுபோல், குருட்டாம்போக்கில் ஓர் எண்ணைத் தேர்ந்துகொள். ஒரு லட்சம் கோடிக்கும் மேலானவற்றில் ஒன்று. இன்னொருவனோடு மோதுவது அபூர்வம். பதிவு தேவையே இல்லை. அப்படியும் சிலர் தாமாகவே ஒரு பட்டியலில் தங்கள் எண்ணை எழுதி வைத்தார்கள். அந்தப் பட்டியலுக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

"வீண் வேலைதானே?" என்றேன். அவன் சிரித்தான்.

திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பதிவில் இரண்டு ஜாதி உண்டு என்று தோன்றியது. 'இது என்னுடையது, விலகிப் போ' என்பது ஒன்று. 'நான் இங்கே இருக்கிறேன், இடித்துக்கொள்ளப் போகிறாய்' என்பது மற்றொன்று. ஏடும் கையெழுத்தும் இரண்டுக்கும் ஒன்றுதான், மனசு வேறு. அதிகாரமற்ற பட்டியலில் பெயர் எழுதியவனுக்கு அதனால் காலணா வரும்படி இல்லை. என்றோ வரப்போகும் அயலானுக்காக அவன் வாசலில் ஒரு விளக்கு வைத்தான். அதை வீண் என்று சொன்னதற்கு வெட்கப்பட்டேன்.

வீடு வந்ததும் நண்பருக்குக் கடிதம் எழுதினேன். உறையின்மேல், 'பாகூர்க் கொம்யூன்' என்பதைக் கொட்டை எழுத்தில் போட்டேன்.