யாருடைய வாடிக்கை?

இரண்டு விமான நிறுவனங்கள் ஒன்றானால் முதலில் கெடுவது காப்பி. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 2010 அக்டோபரில் அமெரிக்காவின் யுனைடெட்டும் கான்டினென்டலும் இணைந்த பிறகு, எல்லா விமானங்களுக்கும் பொதுவாக ஒரே காப்பியைத் தேர்ந்தெடுத்தார்கள். தரையில் ருசி பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது, வானத்தில் தண்ணியாக இறங்கியது. ஒரு தரப்பு விமானங்களின் வடிகூடைக்குள் புதுப் பொட்டலம் சரியாக உட்காராததால், வெந்நீர் தூளுக்குள் போகாமல் ஓரமாக வழிந்துவிட்டது. 2012 மார்ச் 3ஆம் தேதி முன்பதிவுக் கணினிகளை ஒன்றாக்கியபோது இதே கதை பெரிய அளவில் நடந்தது. யுனைடெட்டின் பெயர் நிலைத்தது, கான்டினென்டலின் கணினி நிலைத்தது. செக்-இன் இயந்திரங்கள் மக்கர் செய்தன, தொலைபேசியில் நெடுநேரக் காத்திருப்பு, கவுன்ட்டரில் இருந்தவர்களில் பலருக்குப் புதுத் திரை பிடிபடவில்லை. இரு தரப்புக் கேபின் சிப்பந்திகளும் ஒரே விமானத்தில் சேர்ந்து வேலை பார்க்க 2018 அக்டோபர் ஆயிற்று. கல்யாணமாகி எட்டு வருஷம் தனிச் சமையல்.

ஆனால் காப்பியும் கணினியும் சரிசெய்யக்கூடியவை, காலப்போக்கில் சரியும் ஆயின. அடிக்கடி பறப்பவர்களின் கோபம் மட்டும் ஆறவில்லை என்றால் அதன் வேர் வேறெங்கோ இருக்கிறது. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கி, சில நாட்களிலேயே யுனைடெட்டும் பின்தொடர்ந்த மைல் கணக்குத் திட்டங்கள் பயணியிடம் கேட்பது ஒன்றுதான்: பக்கத்து நிறுவனத்தில் டிக்கெட் மலிவாக இருந்தாலும், ஒரு ஊர் சுற்றிப் போக நேர்ந்தாலும், எங்களிடமே வா. பயணி தன் பங்கை முன்னாலேயே கொடுத்துவிடுகிறார், நிறுவனம் தன் பங்கைப் பின்னால் தருவதாகச் சொல்கிறது. இந்த இடைவெளியில்தான் இணைப்பு வந்து விழுகிறது. பத்து லட்சம் மைல் பறந்தவர்களுக்கு யுனைடெட் ஆயுள் முழுக்க ஓர் உயர்தகுதி என்று சொல்லியிருந்தது. இணைப்புக்குப் பின் தகுதி அடுக்குகள் மாறின, அவர்களுக்கான சலுகைகள் குறைந்தன. வழக்குப் போட்டவருக்கு 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்தது. விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமையை நிறுவனம் தன்னிடமே வைத்திருந்தது.

அதே ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த இன்னொரு வழக்கு இன்னும் துலக்கமானது. மினசோட்டாவைச் சேர்ந்த ஒரு நார்த்வெஸ்ட் பயணியின் உயர்தகுதியை 2008இல் நிறுவனம் பறித்தது. அளவுக்கு மீறிப் புகார் செய்கிறார் என்பது காரணம். சுமார் ஏழு மாதத்தில் 24 புகார்கள், அவற்றில் 9 பெட்டி தாமதமாக வந்தது பற்றி. டெல்டாவோடு இணையும்போது செலவைக் குறைக்கவே தன்னைக் கழித்துக்கட்டினார்கள் என்றார் அவர். நீதிபதிகள் ஒருமனதாக நிறுவனத்தின் பக்கம் நின்றார்கள். பிடிக்காவிட்டால் பயணி கெட்ட பெயரெடுத்த நிறுவனத்தை விட்டுவிட்டு வேறு நிறுவனத்தின் திட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்பதும் அவர்கள் சொன்னதில் ஒன்று. சந்தைக்கு நல்ல பதில்தான். ஆனால் இணைப்பு முதலில் அடைக்கிற வாசல் அதுவே. மினியாபொலிஸ் நார்த்வெஸ்ட்டின் கோட்டையாக இருந்தது, பின்பு டெல்டாவின் கோட்டையானது. 2013 டிசம்பரில் அமெரிக்கனும் யுஎஸ் ஏர்வேஸும் இணைந்தபின், அந்நாட்டின் உள்நாட்டுப் பயணத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நான்கே நிறுவனங்களின் கையில் இருந்தது. கோபித்துக்கொண்டு கிளம்பலாம். போக இடம்?

இதெல்லாம் கம்பெனிக் காசில் பறப்பவர்களின் புலம்பல் என்று சொல்வார்கள். பாதி உண்மை. முன்வரிசை இருக்கை கிடைக்காதவருக்காக நானும் கண்ணீர் விடப்போவதில்லை. ஆனால் இப்போது வங்கிகள் மைல்களை மொத்தமாக வாங்கிக் கடன் அட்டைக்காரர்களுக்குத் தருகின்றன. வருஷத்துக்கு ஒருமுறை பறப்பவரும், மளிகைக்கு அட்டையைத் தேய்ப்பவரும் இதே ஏற்பாட்டுக்குள் வந்தாயிற்று. இணையாவிட்டால் நிறுவனமே இருந்திருக்காது என்பது இதைவிடக் கனமான வாதம். யுனைடெட் 2002இல் திவால் பாதுகாப்பு கேட்டது, டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும் 2005 செப்டம்பரில் ஒரே நாளில் கேட்டன. மூழ்கிய கம்பெனியின் மைலை யாரும் மதிக்கமாட்டார்கள். அதை ஏற்கிறேன். இணைப்பே கூடாது என்பதல்ல என் கட்சி.

ஏற்க முடியாதது, மைல்கள் வெறும் அன்பளிப்பு, அன்பளிப்பில் பேரம் எதற்கு என்கிற வாதம்தான். 2020இல் விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் தன் மைலேஜ் திட்டத்தையே ஈடு வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. அந்தத் திட்டத்துக்கு அது போட்ட மதிப்பு சுமார் 2,190 கோடி டாலர், பங்குச் சந்தையில் அப்போது மொத்தக் கம்பெனிக்கே இருந்த விலையைவிட அதிகம். மறுவருஷம் அமெரிக்கனும் அப்படியே 1,000 கோடி எடுத்தது. அடகுக்கு வாங்கிக்கொள்ளும் பொருள் எப்படி அன்பளிப்பாகும்? பயணிகளின் பழக்கம்தான் அந்தச் சொத்து. தெருக்கோடி மளிகைக் கடை கைமாறும்போதும் வாடிக்கைக்கு ஒரு விலை போட்டுத்தான் விற்கிறார்கள், பணம் விற்கிறவருக்குப் போகிறது. ஆனால் அங்கே எதிர்சாரியில் இன்னொரு கடை இருக்கும், நம் பெயரில் இருபது வருஷத்து வரவும் அவர்கள் நோட்டில் கிடக்காது. இங்கே நிறுவனம் சொத்தாக ஈடு வைக்கும் அதே வாடிக்கை, பயணியின் பக்கம் உரிமையாக ஆவதில்லை. பயணிகளின் கோபம் காப்பியில் தொடங்கினாலும் வந்து நிற்கும் இடம் இதுதான்.

மைல் சேர்த்து வைத்திருப்பவர்கள் அதை வைப்புநிதி மாதிரி பொத்தி வைக்காமல் இந்த ஆண்டே செலவழித்துவிடுங்கள். அடுத்த டிக்கெட்டுக்கு விலையையும் புறப்படும் நேரத்தையும் மட்டும் பார்த்தால் போதும்.