காற்றில் யாருக்குப் பங்கு?

காற்று எந்த ஊருக்குச் சொந்தம் என்று கேட்டால் சிரிப்பார்கள். பொட்டிபுரத்தில் கேட்டால் சிரிக்க மாட்டார்கள். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1500 கோடி ரூபாயில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு ஒப்புதல் தந்தபோது, 'மலையைக் குடைஞ்சா எங்களுக்கு என்ன?' என்ற கேள்வியைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்கவைத்த ஊர் அது. அதே தேனி மாவட்டத்தில், கம்பம் கணவாய் வழியே இறங்கும் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பி ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றைப் பார்த்து அவ்வளவு சத்தமாக யாரும் கேட்டதில்லை. விசிறி சுத்துது, நல்லதுதானே!

நல்லதுதான். யாருக்கு என்பதில்தான் சிக்கல். தமிழ்நாட்டுக் காற்றாலைகளைப் பெருகவைத்தது காற்று மட்டுமல்ல, வருமான வரிச் சட்டமும்தான். ஒரு நூற்பாலை 5 கோடிக்கு ஒரு காற்றாலை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 80 சதவீதத் தேய்மானம் இருந்த காலத்தில், செப்டம்பருக்குள் அதை ஓட்டிவிட்டால் முதல் வருடமே 4 கோடியை லாபத்தில் கழித்துக் காட்டலாம். வரி தள்ளிப்போகும், அது அரசு கொடுக்கும் வட்டியில்லாக் கடன் மாதிரி. 2012இல் இதை நிறுத்தினார்கள், 2014இல் திரும்பக் கொடுத்தார்கள், 2017இல் 40 சதவீதமாக்கினார்கள்.

ஆனால் கழித்துக்கொள்ள முதலில் வரி கட்டும் லாபம் வேண்டுமே. மானாவாரிக் காட்டை விற்ற விவசாயியின் வருமானத்துக்கு வரியே கிடையாது. ஆகவே சலுகையும் கிடையாது. யாரும் அவரை விரட்டவில்லை. அவர் நுழைய முடியாத வாசலாகச் சட்டம் எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான். நிலத்துக்கு ஒருமுறை பணம், வேண்டுமானால் காவலாளி வேலை.

காற்று வீசுகிற ஊர் என்பதே உரிமையாகிவிடுமா? போடிக்காரர்கள் இதை யோசித்துப் பேச வேண்டும். ஏலக்காய் விளைவது மேலே, இடுக்கி மலையில். ஏலம் நடப்பது போடியிலும்தான். விளைகிற இடத்துக்கே எல்லாம் என்றால் போடிச் சந்தை என்னாவது? எனவே நான் காற்றின் பெயரால் பங்கு கேட்கவில்லை. அந்தச் சலுகை பொதுப்பணம்; அதன் பெயரால் கேட்கிறேன். டென்மார்க்கின் 2008ஆம் ஆண்டுச் சட்டம், புதிய காற்றாலையின் 20 சதவீதப் பங்கைப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு விற்க முன்வர வேண்டும் என்றது. தானமில்லை, விலைக்குத்தான்.

நம்மாலும் முடியும். மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006இல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக்கிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், அது நிற்பது ஓடந்துறையில் அல்ல, உடுமலைப் பக்கம். அந்த ஊர்க்காரர்களுக்கும் இதே கேள்வியைக் கேட்க உரிமை உண்டு.

2024இல் தமிழக அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கக் கொள்கை வெளியிட்டது. சின்ன இயந்திரங்களைக் கழற்றிப் பெரியவற்றை நிறுத்த அனுமதி கேட்டு உரிமையாளர்கள் அரசிடம் வந்துதான் ஆக வேண்டும். அந்த அனுமதித் தாளில் ஊராட்சிக்கு ஒரு பங்கை முதலில் நீட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம்.