கையில் ஆயுதம், உள்ளத்தில் அபயம்

“என் மகள் இரவுப் பணி முடிந்து தனியே வீடு திரும்புகிறாள். அவளுடைய பாதுகாப்புக்காகக் கைத்துப்பாக்கி ஒன்று வாங்க எண்ணுகிறேன். எத்தகையதைத் தேர்ந்தெடுப்பது, வெளியே தெரியாமல் எப்படி எடுத்துச் செல்வது என்பதை விஷயம் அறிந்தவர்களிடம் கேட்டுக்கொள்வேன். ஆனால் நாள்தோறும் ஜபம் செய்கின்ற ஒருவனின் வீட்டில் ஆயுதம் இருக்கலாமா? அது அகிம்சைக்கு முரணாகாதா?”

புனே நகரை அடுத்த தாபோடியில் வாழும் அன்பர் ஒருவர் எழுப்பியுள்ள கேள்வி இது. தாபோடிக்கு ஆயுதம் புதியதன்று. ராணுவப் பொறியியல் கல்லூரி 1948-இல் ரூர்க்கியிலிருந்து அங்கேதான் இடம்பெயர்ந்தது. முளா ஆற்றின் மீதுள்ள ஹாரிஸ் பாலத்தைக் கடந்தால் கட்கி. அங்குள்ள வெடிமருந்துத் தொழிற்சாலை 1869-இல் தொடங்கப்பட்டது. 2021 முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்கி வருகிறது. அந்த வட்டாரத்தில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. தோட்டா செய்யும் ஆலையின் சங்கொலி கேட்டு எழுவோருக்குத் துப்பாக்கி என்ற சொல் அச்சம் தருவதில்லை. ஆனால் நாட்டின் எல்லையைக் காக்கும் வீரருக்காகத் தோட்டா செய்வது வேறு; அதைத் தன் உடைக்குள் வைத்துக்கொண்டு கடைத்தெருவில் நடப்பது வேறு. இந்த வேறுபாட்டை அன்பர் உணர்ந்திருப்பதால்தான் கேள்வி பிறந்தது.

இரு வேறு அறங்கள்

இக்கேள்விக்குத் துறவி ஒருவன் பதில் சொல்லும்போது முதலில் தன் எல்லையை அறிந்து பேச வேண்டும். துறவிக்குக் காக்க வேண்டிய பொருளும் இல்லை, மகளும் இல்லை. சுவாமி விவேகானந்தர் 1890-இல் காஸிப்பூரில் பவஹாரி பாபாவைச் சந்தித்தார். அந்த மகானின் ஆசிரமத்தில் திருட வந்தவன், அவரைக் கண்டு அஞ்சி மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினான். பாபாவோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடி, ‘இது உன்னுடையது, எடுத்துக்கொள்’ என்று கொடுத்தார் என்பது நாம் நன்கறிந்த வரலாறு. அது அகிம்சையின் சிகரம். ஆனால் அந்தச் சிகரத்தில் நின்றுகொண்டு, அடிவாரத்தில் குழந்தைகளோடு வாழ்பவரைப் பார்த்து, ‘நீங்களும் கதவைத் திறந்து வையுங்கள்’ என்று சொல்வது அறமாகாது.

நியூயார்க்கில் 1895-96 குளிர்காலத்தில் நிகழ்த்திய கர்மயோகச் சொற்பொழிவுகளில் சுவாமிஜி இதையே தெளிவுபடுத்தினார். தீமையை எதிர்க்காதிருத்தல் உயர்ந்த இலட்சியம்தான். ஆனால் எதிர்க்கும் வலிமை உடையவன் எதிர்க்காதிருப்பதுதான் பொறுமை. வலிமையற்றவன் எதிர்க்காதிருப்பது வெறும் இயலாமை. இல்லறத்தான் தன்னைச் சார்ந்தவர்களுக்குக் காவலாக நிற்கக் கடமைப்பட்டவன். மகாத்மா காந்தியும் 1920-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், கோழைத்தனம், வன்முறை என்ற இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் வன்முறையையே பரிந்துரைப்பேன் என்ற கருத்தைக் கூறினார். உடனேயே, அகிம்சை வன்முறையைவிட எல்லையற்ற உயர்வுடையது என்றும் சேர்த்துச் சொன்னார். இரண்டாம் பகுதியை மறந்து முதற்பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்பவர்களே அதிகம்.

ஆக, தற்காப்பு அகிம்சைக்கு முரணானது அன்று. ஆனால் தற்காப்பு என்ற பெயரில் நாம் செய்வதெல்லாம் தற்காப்பா என்பது அடுத்த கேள்வி.

சட்டம் காட்டும் அளவு

இந்த விவேகத்தை நம் நாட்டுச் சட்டமும் வற்புறுத்துகிறது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தற்காப்புரிமை 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் உள்ளது. அதன் சாரம் எளியது: தன்னையும் பிறரையும் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு, ஆனால் தேவைக்கு மேல் ஓர் அணுவும் தீங்கு செய்யக் கூடாது. அரசின் காவலை நாட நேரமிருந்தால் அந்த உரிமை இல்லை. உயிருக்கோ மானத்துக்கோ கொடிய ஆபத்து நேர்வது போன்ற, சட்டம் குறிப்பிடும் சில நிலைகளில் மட்டுமே அது எதிரியின் உயிரைப் போக்கும் அளவுக்கு நீளும். 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பேராபத்தின் முன் ஒருவன் கோழையைப் போல் ஓட வேண்டியதில்லை என்றது. அதே தீர்ப்பில் இவ்வுரிமை பழிவாங்கலுக்கு உரியதன்று என்றும் வரையறுத்தது.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 21 வயது நிறைந்தவரே உரிமம் கோரலாம். 2016-ஆம் ஆண்டின் விதிகள், பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உடலோடு பொருத்திய உறையிலோ தக்க பையிலோ முழுவதும் மூடிய நிலையில்தான் கொண்டு செல்ல வேண்டும் என்றும், அது எப்போதும் தன் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. வெளியே காட்டி மிரட்டுவதற்கு இடமில்லை.

இங்கே ஒரு நுட்பத்தை அன்பர் கவனிக்க வேண்டும். உரிமம் ஆளுக்குரியது, குடும்பத்துக்கு உரியதன்று. தந்தையின் பெயரில் வாங்கிய துப்பாக்கியை மகள் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு பணிக்குச் செல்ல முடியாது. அவளே விண்ணப்பித்து, பயிற்சி பெற்று, பொறுப்பேற்க வேண்டும். அப்படியானால், ‘அவள் இதை விரும்புகிறாளா?’ என்று கேட்டாயிற்றா? அச்சம் தந்தையுடையது; சுமக்கப்போகும் கை மகளுடையது. ஒருவரின் அச்சத்தை மற்றொருவரின் தோளில் ஏற்றுவது அன்பாகத் தோன்றலாம். ஆனால் அது அவளுடைய மனத்தைக் கேளாத அன்பு.

கருவியும் அதைத் தாங்கும் மனமும்

2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. அதன் பின்னர் 2014 ஜனவரியில், கான்பூரிலுள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற சிறு ரிவால்வரைப் பெண்களுக்கென அறிமுகப்படுத்தியது. டைட்டானியம் கலந்த உலோகத்தால் ஆனது, எடை ஏறக்குறைய அரைக் கிலோ, கைப்பைக்குள் அடங்கும். விலையோ ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கும் அதிகம். நகைப்பெட்டி போன்ற பேழையில் வைத்து விற்கப்பட்டது. ‘நிர்பீக்’ என்றால் அச்சமற்றவர் என்று பொருள். பெயர் அழகானது. ஆனால் சில வினாக்கள் எழுகின்றன. அவ்வளவு பணம் இல்லாத பெண்ணின் அச்சமின்மைக்கு வழி என்ன? குற்றம் செய்பவனைத் திருத்த வேண்டிய, தெருவுக்கு விளக்கிட வேண்டிய சமுதாயம், தன் கடமையைப் பாதிக்கப்படக்கூடிய பெண்ணின் கைப்பைக்கு மாற்றிவிடுகிறதா?

எந்தத் துப்பாக்கி, எந்த உறை என்பதில் வல்லுநர்கள் கூறும் அறிவுரைகளைக் கூர்ந்து பார்த்தால், அவை பெரும்பாலும் கருவியைப் பற்றியவை அல்ல, கட்டுப்பாட்டைப் பற்றியவை என்பது புலப்படும். விசை முழுதும் மூடப்பட்ட உறை வேண்டும். சாவியும் சில்லறையும் கிடக்கும் பையில் போடக் கூடாது. சுடும் முடிவு எடுக்கும் வரை விரல் விசையைத் தொடக் கூடாது. வீட்டில் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். தொடர்ந்த பயிற்சி வேண்டும். இவை அனைத்தும் நியமங்கள். ஒருநாள் தவறினாலும் தண்டனை உண்டு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 2014 டிசம்பரில், முறையான உரிமம் பெற்ற இளந்தாய் ஒருவர் கைப்பையில் வைத்திருந்த துப்பாக்கியை அவருடைய இரண்டு வயதுக் குழந்தை எடுத்தது. தாய் அவ்விடத்திலேயே உயிரிழந்தார். அந்நாட்டில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை தற்கொலைகள். வெளியிலிருந்து வரும் பகைவனுக்காக வைக்கப்பட்ட ஆயுதம், மனம் தளர்ந்த ஓரிரவில் வீட்டிலுள்ளவரையே குறி வைக்கிறது. எனவே, ‘எந்தத் துப்பாக்கி நல்லது?’ என்று கேட்பதற்கு முன், ‘எங்கள் வீட்டில் எல்லோருடைய மனமும் எப்படி இருக்கிறது?’ என்று கேட்பது அவசியம்.

மறைந்திருக்கும் ஆயுதம்

ஆயுதத்தை மறைத்து வைத்தல் தவறா? வரலாறு இதற்கு ஒற்றை விடை தருவதில்லை. 1659 நவம்பர் 10 அன்று பிரதாப்கட் கோட்டையின் அடிவாரத்தில் அஃப்சல் கானைச் சந்திக்கச் சென்ற சத்ரபதி சிவாஜி, உடைக்குள் கவசம் அணிந்து, உள்ளங்கையில் ‘வாக் நக்’ என்னும் புலிநகத்தை மறைத்திருந்தார் என்பது மராட்டிய வரலாற்று மரபு. அவருடையது என்று நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் புலிநகம் ஒன்று 2024-இல் லண்டன் அருங்காட்சியகத்திலிருந்து கடனாகப் பெறப்பட்டு, சாத்தாராவில் காட்சிக்கு வைக்கப்பட்டது. வஞ்சகத்தை எதிர்பார்த்துச் சென்ற காவலனின் முன்னெச்சரிக்கை அது என்று மக்கள் போற்றுகின்றனர்.

மறுபுறம், பகைவர் தொழுது நிற்கும் கைக்குள்ளும் ஆயுதம் ஒளிந்திருக்கும் என்று திருவள்ளுவர் எச்சரித்தார். 1948 ஜனவரி 30 மாலை, பிரார்த்தனைக்கு நடந்து வந்த காந்தியடிகளின் முன் வணங்குவதுபோல் வந்து நின்றவன், மறைத்து வைத்திருந்த துப்பாக்கியால் மூன்று முறை சுட்டான். வள்ளுவரின் எச்சரிக்கை எழுத்துக்கு எழுத்து மெய்யாயிற்று. சுட்டவன் தன்னை அதர்மி என்று எண்ணவில்லை. பெரிய ஒன்றைக் காப்பதாகவே எண்ணினான் என்பதே நாம் மிகவும் அஞ்ச வேண்டிய செய்தி.

ஆதலால் மறைத்தல் என்பது அறமும் அன்று, மறமும் அன்று. மறைப்பவரின் உள்ளத்தில் இருப்பதே அதற்குத் தன்மை தருகிறது. நம் உள்ளத்தை நாமே சோதித்துக்கொள்ள ஓர் உரைகல் உண்டு. ஆயுதம் தாங்கியவர் கோபிக்கும் உரிமையை இழக்கிறார். சாதாரண மனிதர் பேருந்தில் இடம்பிடிக்கும் சண்டையில் இரண்டு வார்த்தை அதிகம் பேசலாம்; வண்டி உரசியதற்காகக் கை ஓங்கலாம். அது குற்றமே எனினும் அநேகமாக அங்கேயே தணிந்துவிடும். ஆயுதம் வைத்திருப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் எல்லோருக்கும் முன்னதாக விட்டுக்கொடுக்க வேண்டும். அவமதிப்பை விழுங்கிக்கொண்டு விலக வேண்டும். பகவத் கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் அர்ஜுனனைப் போரிடச் சொல்லும்போது, காய்ச்சல் நீங்கியவனாகப் போரிடு என்கிறார். ஆசை, மமதை, கொதிப்பு ஆகிய காய்ச்சல் தணியாத கையில் காண்டீபமும் கொலைக்கருவியே. ஆயுதம் ஏந்திய பின் முன்னைவிடப் பணிவு கூடுமானால் அந்த மனம் அதற்குத் தகுதியுடையது. துணிச்சல் கூடி, நடையில் மிடுக்கு ஏறுமானால், காக்க வந்த கருவி ஆளத் தொடங்கிவிட்டது என்று அறியலாம்.

சீறுவதற்குப் பல வழிகள்

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய பாம்பின் கதை நமக்குத் தெரியும். கடிக்காதே என்று குரு சொன்னதைக் கேட்டு, சிறுவர்களிடம் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்த பாம்பிடம், ‘கடிக்க வேண்டாம் என்றுதானே சொன்னேன், சீற வேண்டாம் என்று சொல்லவில்லையே!’ என்றார் குரு. இல்லறத்தாருக்கு இதைவிடத் தெளிவான உபதேசம் இல்லை. ஆனால் சீறுவதற்குத் துப்பாக்கிதான் வேண்டும் என்பதில்லை. வலுவான தாழ்ப்பாள் ஒரு சீற்றம். எரியும் தெருவிளக்கு ஒரு சீற்றம். உரத்த குரல் ஒரு சீற்றம். 112 என்ற அவசர எண், மிளகுத் தெளிப்பான், பெண்கள் பயிலும் தற்காப்புக் கலை, பணியிடம் இரவில் அளிக்க வேண்டிய வாகன வசதியை ஒன்றுசேர்ந்து கேட்டுப் பெறுதல், ரயில் நிலையத்திலிருந்து நாலு பேர் சேர்ந்து நடந்து வருதல் ஆகிய யாவும் கடிக்காத சீற்றங்கள். இவற்றையெல்லாம் செய்து பார்த்த பின்னும் நேரடியான, உண்மையான ஆபத்து எஞ்சுமானால், சட்டத்தின் வழியே உரிமம் பெறுவது பாவமாகாது. இவற்றுள் ஒன்றையும் செய்யாமல் முதலிலேயே துப்பாக்கிக்குப் போவது, தாகத்துக்குக் கிணறு இருக்க ஆற்றில் குதிப்பது போன்றது.

அபயம் என்ற அளவுகோல்

கீதையின் பதினாறாம் அத்தியாயம் தெய்வீக குணங்களை வரிசைப்படுத்தும்போது அபயத்தையே முதலில் வைக்கிறது. அபயத்துக்கு இரு முகங்கள் உண்டு: தான் அஞ்சாதிருத்தல் ஒன்று, தன்னைக் கண்டு பிறர் அஞ்சாதிருத்தல் மற்றொன்று. துறவு ஏற்கும்போது துறவி எல்லா உயிர்களுக்கும் அபயம் அளிக்கிறான். இல்லறத்தார் அந்த அளவுக்கு உறுதி கூற இயலாது, கூறவும் வேண்டியதில்லை. ஆனால் தம் வாழ்வின் எல்லைக்குள் அதே அளவுகோலை அவரும் வைத்துக்கொள்ளலாம். நான் செய்யும் ஏற்பாட்டால் என் மகளின் அச்சம் குறைகிறதா? என் மனைவி நிம்மதியாக உறங்குகிறாளா? என் பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் தயக்கமின்றி வந்து பேசுகிறாரா? என் வீட்டுக் குழந்தை எந்த இழுப்பறையையும் பயமின்றித் திறக்க முடிகிறதா? இவற்றுக்கெல்லாம் ‘ஆம்’ என்று சொல்ல முடிந்தால், பூட்டிய பெட்டியில் இருப்பது அந்த வீட்டின் ஜபத்தைக் கெடுக்காது.

சொல்ல முடியாவிட்டால், அவர் வாங்க நினைத்தது பாதுகாப்பை அன்று; தம் அச்சத்துக்கு ஓர் உருவத்தை. அத்தகைய உருவத்தை வீட்டில் வைத்தால், நாளடைவில் நாமே அதற்குப் பூசை செய்யத் தொடங்கிவிடுவோம். உள்ளத்தில் அபயத்தை நிலைநாட்ட இறைவன் திருநாமம் இருக்கிறது. வெளியே அதை நிலைநாட்ட அண்டை அயலாரின் கூட்டுறவும், சட்டத்தின் காவலும், நம் பெண்களின் கல்வியும் துணிவும் இருக்கின்றன. முதலில் இவற்றைத் திரட்டுவோம். இறுதியில் கருவி வேண்டுமா, வேண்டாமா என்பதைத் தெளிந்த மனமே நமக்குச் சொல்லும்.